மலைத் தாளின் முதல் வரி

பழனி ஷோரூமின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதையா, எடுக்க மறந்துவிட்டார்களா தெரியாது. போன மாதம் அதில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கடைசி டீசல் காரும் போய்விட்டதாம். இனி கரண்டு வண்டிகள்தான் அதிகம் விற்க வேண்டுமாம். மலைக்காரர்கள் கரண்டு வண்டி என்றால் இன்னும் தயங்குகிறார்கள். பாண்டி அண்ணன் இருபத்தெட்டு வருஷம் மலைக்காரர்களுக்கே வண்டி விற்றவர், மலைத் தாளின் முதல் வரியே அவர் சொன்னது, அவருடைய அனுபவத்தை எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

ஒரு வாரம் பதில் போடவில்லை. அந்த முதல் வரிப் பேச்சுதான் என்னைப் போட்டு அறுத்தது. சரி, எழுதுகிறேன். மலைக்காரர்கள் வண்டி வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதில் இருக்கும். கூடவே, ஒரு பெண் என்னைவிட நன்றாக விற்றதை என்னால் பொறுக்க முடியாமல் போன கதையும் இருக்கும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வண்டி கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். கழுவிய வண்டியை நிழலில் விடுவதற்காக ஓட்டக் கற்றேன். ஓட்டத் தெரிந்ததால் கஸ்டமரோடு மலைக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் பேசத் தெரிந்ததால் விற்பனையில் சேர்த்துக்கொண்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

மலைக்காரர் வண்டி வாங்குவது சமவெளிக்காரர் வாங்குகிற மாதிரி இருக்காது. வடகவுஞ்சியிலிருந்தோ பெருமாள்மலையிலிருந்தோ ஒருவர் வந்தால் கூட நாலு பேர் வருவார்கள். நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். விலையைக்கூட முதலில் கேட்க மாட்டார்கள். "ஏறுமா?" என்பார்கள். அதற்கு வாயால் பதில் சொல்கிறவன் மலைக்காரரிடம் வண்டி விற்க முடியாது. நான் அவர்களை ஏற்றிக்கொண்டு பாலாறு டேம் தாண்டி, செக்போஸ்ட்டைக் கடந்து, நாலாவது கொண்டை ஊசி வளைவுக்குப் போவேன். வளைவின் நடு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைப்பேன். வாங்க வந்தவரை இறங்கச் சொல்லி, அவர் கையாலேயே பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்வேன். பிறகு மற்ற நாலு பேரையும் உள்ளேயே உட்காரவைத்து, "இப்ப கல்லை எடுங்க" என்பேன். அவர் கல்லை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கும்போது வண்டி ஒரு சாண் பின்னால் வராமல் மேலே ஏற வேண்டும். ஏறினால் விற்றுவிட்டது என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு வண்டி பின்னால் வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் கிளட்ச்சைக் குறை சொல்லித் தப்பித்தேன். மலையில் எனக்கு 'கல்லுப் பாண்டி' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் மேனேஜர் ஜெயராஜ் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே பேசுவார். வாங்காமல் போகிற ஒவ்வொருவருக்கும் நாங்கள் ஒரு கார்டு எழுத வேண்டும். பெயர், ஊர், எந்த வண்டி என்பதெல்லாம் மேலே. கடைசி வரியில் அவர் ஏன் வாங்கவில்லை என்று அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'விலை அதிகம் என்கிறார்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அவரு அப்படியா சொன்னாரு? சொன்னதை எழுது பாண்டி." எழுதிக் கொடுத்தால் சிரிக்காமல் வாய்விட்டுப் படிப்பார். கார்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, "பொறவு?" என்பார். அந்த ஒரு வார்த்தையில் எவனாக இருந்தாலும் மீதியைக் கக்கிவிடுவான். நான் பொய் சொல்லித் தப்பித்தது அவரிடம் ஒரே ஒரு முறை. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

மலைத் தாளும் நான் ஆரம்பித்ததுதான். மலையில் வீடு உள்ளவருக்கு வண்டி கொடுக்கும்போது மற்ற காகிதங்களோடு ஒரு தனித் தாள் கொடுப்போம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள், இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள் என்று ஏழெட்டு வரி. ஒவ்வொரு வரியையும் கஸ்டமருக்குப் படித்துக் காட்டி, விற்றவர் ஒரு கையெழுத்தும் இன்னொருவர் ஒரு கையெழுத்தும் போட வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் நான்தான். ஜெயராஜ் சார் போட்ட சட்டம் அது.

கரண்டு வண்டி வந்தபோது அதை விற்க செல்வராணியைப் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் கவுண்டரில் ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தவள். ஒரு வண்டி விற்றதில்லை. அவளுக்குக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டார்கள். நான் பைக் நிறுத்துகிற வேப்ப மர நிழலில் சார்ஜ் போடுகிற மிஷினை நட்டார்கள். அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் மேலுக்குச் சிரித்துக்கொண்டு, "நல்லா வரும்மா" என்றேன்.

முதல் நாலு மாதம் எனக்கு ஆனந்தம். ஒருவரும் வாங்கவில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் நானே விரும்பிப் போய்க் கார்டில் எழுதிக் கொடுத்தேன். "எங்க ஊர்ல காத்தடிச்சா ரெண்டு நாளைக்குக் கரண்டு கெடையாது, வண்டிய அடுப்புலயா வச்சு சூடேத்துறது?" இது ஆடலூர் காப்பித் தோட்டக்காரர். "சத்தமே இல்ல, முக்குல எதுத்தாப்புல வாரவனுக்கு நம்ம வர்றது எப்படித் தெரியும்?" இது ஒரு ஜீப் டிரைவர். "மழையில ஷாக் அடிக்குமா?" "பாதி மலையில நின்னுபோனா கேன்ல வாங்கி ஊத்தவா முடியும்?" "பொறவு விக்கணும்னா எவன் வாங்குவான்?" பெருமாள்மலையில் ரூம் வாடகைக்கு விடுகிற ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "மொதல்ல எங்க பக்கத்து வீட்டுக்காரன் வாங்கட்டும். அவன் நல்லாருந்தா நான் வாங்குறேன்." ஜெயராஜ் சார் அதை இரண்டு முறை படித்தார். "இதுதான் பாண்டி எல்லாரும் சொல்றது. இவரு ஒருத்தர்தான் ஒளிக்காம சொல்லிருக்காரு" என்றார்.

செல்வராணி அந்தக் கார்டுகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"பாண்டிண்ணே, இதுல ஒரு பொம்பள பேசினது கூட இல்லையே. மலைக்காரங்க குடும்பத்தோடதான வர்றாங்க?"

"அவுங்க எதுக்கும்மா பேசப் போறாங்க? பின்னாடி ஒக்காந்து வாந்தி எடுக்கறதுக்கே அவுங்களுக்கு நேரம் சரியாருக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். என் வாயாலேயே என் தொழிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவள் மலையிலிருந்து வருகிற ஆண்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கூட வந்த பெண்ணை முன் சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஐந்து வளைவு மேலே கூட்டிப் போவாள். திரும்பி வந்ததும் ஒரே கேள்வி. "தலை சுத்துச்சாக்கா?"

டீசல் வாடையும் எஞ்சின் அதிர்வும் இல்லாததால் பாதிப் பேருக்கு மேல் சுற்றவில்லை. கையில் எலுமிச்சம்பழமும் கேரி பையும் இல்லாமல் மலை இறங்கியறியாத பெண்கள், இறங்கி நின்று வண்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. இருபத்தெட்டு வருஷம் அந்தப் பின் சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியவன் நான். ஒரு நாள் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மார்கழியில் அவள் என்னைவிட இரண்டு வண்டி அதிகம் விற்றாள். தை மாதம் ஐந்து. எங்கள் வீட்டில்கூட, "அந்தப் பொண்ணு நல்லா விக்கிதாமே" என்று கேட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அன்றைக்கு ரசம் இறங்கவில்லை.

ஒரு நாள் என்னையே கூப்பிட்டாள். "அண்ணே, உங்க கல்லை இந்த வண்டிக்கு வச்சுப் பாருங்களேன். ஆளுங்க கேக்குறாங்க." போனேன். பின்னால் வரும் என்று நம்பித்தான் போனேன். நாலாவது வளைவில் கல்லை வைத்து எடுத்தோம். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. சத்தமும் இல்லை, புகையும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. சும்மா மேலே போனது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்புதான். அதனால்தான் இன்னும் எரிந்தது. கையில் கல்லோடு நடுரோட்டில் நின்றேன்.

இனி வருவது பொன்னுச்சாமியின் கதை. வடகவுஞ்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். மலைவாழை போட்டு, பழனியில் பஞ்சாமிர்தக் கடைகளுக்கு இறக்குகிறவர். என்னிடம் மூன்று வண்டி வாங்கியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கும் நான்தான் வண்டி விற்றேன். அவர் மனைவி காளியம்மாளுக்கு வளைவு என்றாலே வாந்தி. ஒரே மகளைப் பழனியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பேத்தி பிறந்து பத்து மாதம் ஆகியும் அந்த அம்மா இரண்டு முறைதான் இறங்கிப் பார்த்திருந்தார். இதெல்லாம் எனக்குச் செல்வராணி சொல்லித்தான் தெரியும். மூன்று வண்டி விற்ற எனக்குத் தெரியாது.

அவர்கள் ஷோரூமுக்குள் வந்ததும் நான் எழுந்து நின்றேன். பொன்னுச்சாமி கும்பிட்டார். "பாண்டிண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல அந்தக் கரண்டு வண்டியப் பாக்கணும்கிறா." என் மேஜையைத் தாண்டி அவள் மேஜைக்குப் போனார்கள். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், யாருடைய பெயரும் இல்லாத கார்டு ஒன்றில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் இருவரையும் கோயமுத்தூருக்கு இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் நாள் கடைசி அரை மணி நேரத்தில் செல்வராணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் வகுப்பு எடுத்தவர், "உங்களில் மலைப்பகுதிக்காரர்கள் யார்?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். அவர் சொன்னது இதுதான். கரண்டு வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இறக்கத்தில் அது ஓடுகிற ஓட்டத்தைக் கரண்டாக மாற்றிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் அனுப்ப இடம் இருக்காது. அந்தப் பிடிப்பு கிடைக்காது. வண்டி உருளும், வெறும் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். ஆகவே மலை மேல் வீடு இருந்தால், இறங்குவதற்கு முன் சார்ஜை நூறு சதவீதம் ஏற்றக் கூடாது, எண்பதோடு நிறுத்த வேண்டும். என் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். தேதியும் போட்டேன். தேதி போடுவது என் பழக்கம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். "கடைசில என்னண்ணே சொன்னாங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. சர்ட்டிபிகேட் குடுத்தாங்க."

அப்போது அதைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொன்னுச்சாமிக்கு வண்டி கொடுக்கிற நாள் காலையில் அவள் மலைத் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "அண்ணே, இது பூராம் கியரு வண்டிக்கு எழுதினது. இதுவரைக்கும் இதையே குடுத்துட்டோம். இந்த வண்டிக்கு என்ன எழுதணும்? உங்களுக்குத்தான தெரியும்." நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சில் அது அழுத்துவது தெரிந்தது. கதவுக்கு வெளியே பொன்னுச்சாமி அவளுடைய வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வாங்கிய மூன்று வண்டிக்கும் எனக்குத் தெரிந்து அவர் அப்படி ரசித்து மாலை போட்டதில்லை.

"தனியா ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் அதையே எழுதினாள்: 'தனியாக ஏதும் இல்லை.' கையெழுத்துப் போட்டாள். கீழே நானும் போட்டேன். பிறகு எல்லோரும் அடிவாரத்துக்குப் போய்ப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவர்கள் மலை ஏறினார்கள். அதற்கு முன் செல்வராணி அவரைக் கொஞ்ச தூரம் மலையில் ஏற்றி இறக்கிக் காட்டியிருந்தாள். அப்போது பேட்டரி பாதிதான். காலை எடுத்தவுடன் வண்டி தானாகப் பிடித்து நின்றதைப் பார்த்து, "கயித்தக் கட்டி இழுத்த மாதிரி நிக்கிதே" என்று பொன்னுச்சாமி அசந்துபோனார்.

மலைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை மேல் பங்க் குறைவு. அதனால் எங்கே கிளம்பினாலும் டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அரை டேங்கோடு வெளியே போகிறவனைப் பொறுப்பில்லாதவன் என்பார்கள். பேத்திக்குக் காது குத்து. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்ப வேண்டும் என்று பொன்னுச்சாமி சனிக்கிழமையே வண்டியைச் சார்ஜில் மாட்டி, நூறு காட்டுகிற வரைக்கும் ஏற்றி வைத்தார். பட்டணத்துக்காரனாக இருந்தால் பாதியோடு கிளம்பியிருப்பான், ஒன்றும் ஆகியிருக்காது.

காலை எட்டரை மணி இருக்கும். ஷோரூமைத் திறந்து சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் எனக்குத்தான் வந்தது, செல்வராணிக்கு இல்லை.

"பாண்டிண்ணே, பொன்னுச்சாமி. வண்டி புடிக்க மாட்டேங்குதுண்ணே. பிரேக்கு பொகையுது. ஓடைக்குள்ள விட்டு நிப்பாட்டிருக்கேன்."

"சார்ஜ் எவ்வளவு இருந்துச்சு?"

"நெறைய இருந்துச்சுண்ணே. முழுசு."

"அங்கனயே இரு. வெரசா வாரேன்."

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். ரோட்டோரம் மலைப் பக்கத்து ஓடையில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் இறங்கி, வண்டி பாறையில் சாய்ந்து நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளம். பொன்னுச்சாமி நல்ல டிரைவர். மூன்று வளைவு பிரேக்கை மிதித்துப் பார்த்து, அது தளர ஆரம்பித்ததும் பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறைப் பக்கம் விட்டிருக்கிறார். டிஸ்பிளேயில் ஏதோ இங்கிலீஷில் எழுத்து மின்னியதாம். படிக்க நேரமில்லை என்றார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோனேன், அனல் அடித்தது. தூக்கி வந்த சீர்த் தட்டு கவிழ்ந்து, மலைவாழைப் பழங்கள் ரோடெல்லாம் கிடந்தன. காளியம்மாள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அது வீங்கிக் கோணியிருந்தது.

என்னைப் பார்த்ததும், "வாந்தி வரலண்ணே" என்றார். "அது மட்டும் வரல."

அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வேறு வண்டி வரச் சொல்கிறேன் என்றாலும் காளியம்மாள் கேட்கவில்லை. காது குத்து முடிந்து, கையில் கட்டோடுதான் பேத்தியைத் தூக்கினாராம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் வண்டியில் திரும்பி இறங்கும்போது எனக்குப் பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் சந்தோஷமும் இருந்தது. இனி அவளிடம் எவன் வண்டி வாங்குவான் என்ற சந்தோஷம். மனிதன் இவ்வளவு கேவலமாக இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும், நான் இருந்தேன்.

மூன்றாம் நாள் கம்பெனி எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, "நிறைந்த பேட்டரியோடு இறங்கியிருக்கிறார். இதை வகுப்பில் சொல்லியிருப்பார்களே" என்றார். ஜெயராஜ் சார் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் மலைத் தாள். இரண்டு கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தாளை வாய்விட்டுப் படித்தார். "தனியாக ஏதும் இல்லை." கவிழ்த்து வைத்தார்.

"பொறவு?"

செல்வராணி சொன்னாள். "என் தப்புதான் சார். வகுப்புல கடைசி நேரம் போன் வந்து வெளிய போயிட்டேன். பொறவு கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம எழுதிட்டேன்."

என்னைக் கேட்டதை அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் கேட்டதையும் சொல்லவில்லை. வண்டி கொடுத்த நாள் காலையில் கேட்டதையும் சொல்லவில்லை. ஜெயராஜ் சார் என் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாத அவர் கண்கள் சின்னதாக இருந்தன.

"பொறவு?"

"நான் அதைக் கவனிக்கல சார்" என்றேன். நோட்டு அப்போதும் பையில்தான் இருந்தது.

அவளைத் திரும்பவும் சர்வீஸ் கவுண்டருக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெற எனக்கு மூன்று மாதம் இருந்தது. அதுவரை கரண்டு வண்டியை என்னையே பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். வேப்ப மர நிழலும் என் பொறுப்பில் வந்தது. வந்த பெண்கள் எல்லோரும், "அந்த அக்கா இல்லீங்களா?" என்று கேட்டார்கள். நான் முன் சீட்டில் உட்காரச் சொன்னால் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். தலை சுற்றுகிறதா என்று எனக்குக் கேட்கவும் வரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு வண்டி விற்றேன், அதுவும் ஏற்கெனவே அவள் பேசி வைத்திருந்தது.

அந்த மூன்று மாதத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? விடுமுறை நாளில் பஸ் ஏறி வடகவுஞ்சிக்குப் போனாள். முதல் தடவை காளியம்மாள் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை அவள் கொண்டுபோன தின்பண்டத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் தடவை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எண்பது சார்ஜில் செல்வராணியே ஓட்டி, பழனி வரைக்கும் கூட்டி வந்து, மகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். அடுத்த மாதமே அவளைத் திரும்ப விற்பனைக்குப் போட்டார்கள். அதற்குள் எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அந்த விழாவில் என்னைப் பற்றி அதிகம் நல்லது பேசியது அவள்தான். சால்வை குத்தியது.

கிளம்புகிற அவசரத்தில் நோட்டை மேஜை டிராயரில் மறந்துவிட்டேன். நானேதான் அங்கே வைத்தேன். எப்போதும் பையில் வைக்கிறவன் நான். நாலு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஷோரூமுக்குப் போனேன். செல்வராணி அந்த நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக் கொடுத்தாள்.

"டிராயர்ல கெடந்துச்சுண்ணே. படிச்சேன்."

"பூராமா?"

"கோயமுத்தூரு வரைக்கும்." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "டீ சொல்லவாண்ணே?" என்றாள்.

டீ குடித்தேன். வேறென்ன செய்வது? மேஜைக் கண்ணாடிக்கு அடியில் புது மலைத் தாள் இருந்தது. கரண்டு வண்டிக்குத் தனியாக அடித்தது. முதல் வரி: 'மலை இறங்கும் முன் எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள். சொன்னவர்: கல்லுப் பாண்டி.'

"என் பேரு எதுக்கும்மா?"

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. அரைகுறையா எப்படிக் கெளம்புறதுன்னு கேக்குறாங்க. உங்க பேரச் சொன்னா வாய மூடிட்டுச் செய்றாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

புதிதாகச் சேர்ந்த நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டது அந்த வரியைப் பார்த்துத்தான். எழுத உட்காருவதற்கு முன் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடலாம் என்று இரண்டு வாரம் முன்பு வடகவுஞ்சிக்குப் பஸ்ஸில் போனேன். பொன்னுச்சாமி வாழைத்தார் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வண்டி வாசலில் சார்ஜில் நின்றது.

"பொன்னுச்சாமி, ஒண்ணு சொல்லணும். நெறஞ்ச பேட்டரி எறக்கத்துல புடிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீ வண்டி எடுக்கறதுக்கு முந்தியே."

"தெரியும்ணே" என்றார்.

"செல்வராணி சொல்லுச்சா?"

"அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

"அன்னைக்கு போன் போட்டேன்ல. வண்டி புடிக்கல, ஓடையில விட்டுட்டேன்னேன். நீங்க மொத வார்த்தையா, சார்ஜ் எவ்வளவு இருந்துச்சுன்னுதான கேட்டீங்க. ஆளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கல."

ஒன்றரை வருஷமாக இவருக்குத் தெரியும். நோட்டைப் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். ஜெயராஜ் சாருக்கும் அந்த இரண்டாவது 'பொறவு'விலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

"தாள்ல இருக்குற என் பேர எடுத்துரச் சொல்லப் போறேன்" என்றேன்.

"வேணாம்ணே. வீட்டுல இன்னும் தெரியாது. அந்தப் பேர நம்பித்தான் அவ வண்டியில ஏறுறா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

ஆகவே நீங்களும் எடுக்க வேண்டாம். அதைக் கஸ்டமருக்குப் படித்துக் காட்டும்போது, சொன்னவன் எப்போது சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். மலைக்காரர்களுக்கு வண்டி விற்பதில் அவள் என்னை ஜெயித்தாள், சரி. என் பெயரை என்னைவிட நன்றாகப் பயன்படுத்தியும் அவள்தான் ஜெயித்தாள். இதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காளியம்மாள் உள்ளேயிருந்து வந்தார். "வாங்கண்ணே, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றபடி வண்டிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "எம்பதாயிருச்சு. இந்த மனுசன் விட்டா நூறு ஏத்திருவாரு. நீங்க சொல்லிருக்கீங்கன்னு நான்தான் நின்னு பாத்துப் புடுங்கறது." சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். இடது கையால் பிடுங்கினார். வலது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்புவதில்லை.